வெள்ளிக்கிழமைத் தட்டு

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
21.11.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகள் சிந்துஜாவுக்கு அத்தை தனக்கொடி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நலம் என்று எழுதினால் பாதி பொய். நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். எனக்கு முட்டி வலி. உன் மாமாவுக்கு இருமல். உன் புருஷன் கோபி தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிறான். மாதம் ஒருமுறை ஓசூர் ஹாஸ்டலுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், சிந்து எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். "இருக்குறா" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன், உனக்குத் தெரியாததா.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ என் போனை எடுப்பதில்லை, அது உன் நியாயம். எடுத்தாலும் எனக்குப் பயம்தான். போனில் என் வாய் முந்திக்கொள்ளும். கடிதத்தில் தப்பாக வந்தால் அடித்துவிட்டு எழுதலாம். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப்போட்டுவிட்டேன்.

துடுப்பைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நோணாங்குப்பம் படகுத்துறையில் அந்தக் குட்டியை நீ துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாய். வால் ஆடுவதைப் பார்த்துத் துடுப்பு என்று பெயர் வைத்தாய். நாய்க்கு இப்படியும் ஒரு பெயரா என்று நான் முகத்தை நொடித்தேன். இந்த நாலு வருஷத்தில் அதற்கு ஒருநாளும் நான் சோறு வைத்ததில்லை, எல்லாம் உன் கை. ஆடி மாதம் நீ பையை எடுத்துக்கொண்டு போன பிறகு அது பத்து நாள் கேட்டருகிலேயே படுத்துக் கிடந்தது. தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்ததைப் போட்டேன். ரசம் சாதம், பால், டீக்கடைப் பொறை ரொட்டி. ஆவணி முடிவதற்குள் ரோமம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முதுகில் சொறி. விலா எலும்பை எண்ணிவிடலாம். கோபி ஒருநாள் அதைத் தடவிக்கொண்டே, அவ வந்து பாத்தா என்ன சொல்லுவா என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்று இந்த வீட்டில் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிற ஒரே ஜீவன் அது. அதுவும் போய்விட்டால் நீ எதற்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாய்?

ஷேர் ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்று சொல்ல, அவரோடு சண்டை போட்டு மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கவிநிலா என்று ஒரு டாக்டர் பெண், உன் வயதுதான் இருக்கும். எடை போட்டுப் பார்த்தாள். பதினோரு கிலோ. இது இன்னும் இறங்கினால் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ரசம் சாதத்தில் அதற்கு வேண்டிய சத்து இல்லையாம். நல்ல பாக்கெட் தீனிக்கு மாற்றச் சொன்னாள்.

தீனியா, அதுதான் கடையில் தொங்குகிறதே என்று, சிவப்பும் பச்சையுமாகப் பளபளத்த ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் பாக்கெட்டைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காட்டினாள். முதலில் இருப்பதுதான் அதிகம் இருப்பதாம். இதில் முதல் பெயர் மக்காச்சோளம். நாய் என்ன கோழியா, சோளம் தின்ன? முதல் பெயர் கோழியோ மீனோவாக இருக்க வேண்டும், வளர்ந்த நாய்க்கானதாக இருக்க வேண்டும், சாயம் கூடாது, தேதி பார்க்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். இத்தனை வயதில் எந்தப் பாக்கெட்டையும் நான் திருப்பிப் பார்த்ததில்லை. கடைக்காரர் இளம்பரிதியை ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி முதல் பெயரைப் படிக்கச் சொன்னேன். ஏழாவது பாக்கெட்டில் கோழி வந்தது. "யம்மா, பொண்ணுக்கு மாப்ள பாக்கக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க" என்றார். விசாரித்துக் கொண்டுவந்த உன்னை நான் வைத்துக்கொண்ட லட்சணம் அவருக்குத் தெரியாது.

ஒரேயடியாக மாற்றக் கூடாது, பத்து நாள் ஆகும் என்று டாக்டர் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தாள். முதலில் முக்கால் பங்கு வழக்கமான சோறு, கால் பங்கு தீனி. மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு கால் பங்கு சோறு. கடைசியில் முழுக்கத் தீனி. பழைய ஆழாக்கை எடுத்து வைத்துக்கொண்டு மருந்து அளப்பது போல அளந்தேன். புளியங்கொட்டை மாதிரி இருந்த அதைத் துடுப்பு முதல் நாள் ஒதுக்கியது. வெந்நீர் தெளித்து ஊற வைத்ததும் தின்றது. உன் மாமா பழைய பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுவது போல, "மிசே, சாப்புடுங்க மிசே" என்று பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவார். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பின்கட்டு முழுக்க நாசம். வயிற்றுப்போக்கு. முட்டி மடங்காத காலோடு உட்கார்ந்து கழுவினேன். டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். ஆரம்பித்தேன். அடுத்த சனிக்கிழமை அதே கதை. உன் மாமா ஒளித்துப் பொறை போடுகிறார் என்று அவர் மேல் பாய்ந்தேன். மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அவர் சட்டைப் பையைக் குலுக்கிப் பார்த்தேன், ஒரு தூள்கூட இல்லை. அப்புறம் தீனி கெட்டது என்று இளம்பரிதியிடம் சண்டைக்குப் போய் வேறு பாக்கெட் வாங்கினேன். மூன்றாவது சனிக்கிழமையும் கழுவினேன். அன்றைக்கு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன், சிந்து. நாய்க்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியவில்லை. அவ்வளவு அலுப்பு.

தினமும் என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதி எடுத்து வரச் சொன்னாள் டாக்டர். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். அப்புறம் இன்னொன்று. என்னம்மா இது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைத் தாளில் நான் எழுதியிருந்தது: விரதம், தயிர் சாதம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது என்றேன். அதில் கோழி இருக்கிறதே. வியாழக்கிழமை வீடு கழுவியதும் தீனிப் பாக்கெட்டை வெளியே குளியலறைச் சுவரில் தொங்கவிட்டுவிடுவேன். துடுப்பின் தட்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன். அமாவாசை, கிருத்திகைக்கும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் முதலில் சிரித்தாள். "நாய்க்கு விரதமாம்மா?" என்றாள். ஆறு நாள் வயிற்றைப் பழக்கி, ஏழாவது நாள் அதைக் கலைத்துவிடுகிறீர்கள், அது எதற்குத்தான் பழகும் என்றாள். மழையில் தொங்கிய பாக்கெட் நமுத்து வேறு போயிருக்கும் என்றாள். வெள்ளிக்கு மட்டும் சைவத் தீனி போடலாமா என்று கேட்டேன். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை, பார். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "ஒடம்பு முடியாத ஜீவனுக்கு ஏதும்மா வெள்ளி, செவ்வா?" என்றாள்.

சிந்து, இதே பேச்சை நான் ஏற்கெனவே ஒரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆடி மூன்றாவது வெள்ளி. வைகாசியில் உன் வயிற்றுப் பிள்ளை நிலைக்காமல் போனது. ரத்தம் எட்டுதான் இருக்கிறது, ஒருநாள் தவறாமல் முட்டை கொடுங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மற்ற ஆறு நாளும் முட்டையும் ஆட்டுச் சுவரொட்டியும் நானே ஆக்கிப் போட்டேன், அதை நீ மறுக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை மட்டும் மாட்டேன் என்றேன். மாடி அறையில் கெட்டிலில் நீ ஒரு முட்டையை அவித்தாய். வாசனை பிடித்துக்கொண்டு மேலே வந்து, கெட்டிலைத் தெருவில் வீசினேன். "ஒடம்பு கேக்குது அத்தை, அதுக்குக் கெழம தெரியல" என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதத்தான் இரண்டு தாள் கிழிந்தது. எழுதாமல் மழுப்பினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. "வெள்ளிக்கெழமையில இப்பிடி பண்றவ வயித்துல எப்பிடித் தங்கும்?" என்றேன். எதிர்வீட்டுக் கமலா கேட்கும்படி சொன்னேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அது ஆத்திரத்தில் வந்த வார்த்தை இல்லை. மனதில் ஊறிக் கிடந்துதான் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து அப்படிக் கேட்டவள் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் துடுப்போடு தெருக்கோடி மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்தேன். கோபிக்கு மூன்று வயதில் அம்மை போட்டு மூச்சே அடங்கிவிடும்போலக் கிடந்தபோது அங்கேதான் வேண்டிக்கொண்டேன். என்ன சொல்லி வேண்டினேன் என்று ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பார்த்தேன். "எம்புள்ளய எழுப்பிக் குடு தாயே, ஆயுசுக்கும் வெள்ளிக்கெழம நான் கவுச்சி தொடமாட்டேன்." இவ்வளவுதான். நான் என்றுதான் சொன்னேன். வீடு என்று சொல்லவில்லை. முதலில் என் தட்டாக இருந்தது. அப்புறம் சட்டி, அப்புறம் அடுப்பு. நாளாக ஆக உன் மாமா, கோபி, கடைசியில் நேற்று வந்த நீயும் வாயில்லாத நாயும். அம்மன் கேட்காததையெல்லாம் அம்மன் பெயரைச் சொல்லி நான் வாங்கியிருக்கிறேன். முப்பது வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து நான்கு வெள்ளிக்கிழமை போய்விட்டது. என் விரதத்தை நான் விடவில்லை, அது என்னோடு இருக்கட்டும். தீனியை முறுக்கு டப்பாவில் போட்டு இறுக மூடிச் சமையலறையிலேயே வைத்திருக்கிறேன். நேற்று அமாவாசை, இன்று வெள்ளி, இரண்டு நாளும் துடுப்பு தன் தட்டில் தன் தீனியைத் தின்றது. முதல் வெள்ளிக்கிழமை அளந்து போட்டுவிட்டு அம்மன் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை. இப்போது பதினாலு கிலோ. முதுகில் புது ரோமம் அரும்பியிருக்கிறது. இரண்டு நாளாக வாலை ஆட்டுகிறது, முன்னே மாதிரி வேகமில்லை. யாராவது கேட்டைத் திறந்தால் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, நீ இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது.

நாய்க்காக விட்டதை எனக்காக விட உங்களுக்கு மனசு வரவில்லையே என்று நீ கேட்பாய். கேள். அது உள்ளே கிடந்து குத்துகிறது, அதை யாரிடம் சொல்ல. கோபியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் அவனிடம் கொடுத்தனுப்பாமல் தபாலில் போடுகிறேன்.

மாடி அறையில் புதுக் கெட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நீ வந்து பிரி. வரத் தோன்றவில்லை என்றால் அதற்கும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், கோபியை அங்கே வந்து இருக்கச் சொல்கிறேன். வருவதாக இருந்தால் நாள் பார்க்காதே. வெள்ளிக்கிழமையாகவே இருந்தாலும் வா. கமலா கேட்கும்படி சொன்னதற்குக் கமலா கேட்கும்படியே அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாரியம்மன் உன் உடம்பில் ரத்தம் ஊற வைக்கட்டும். இந்தக் கடிதம் என்ன கிழமையில் உன் கைக்கு வருகிறதோ தெரியாது. ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை முட்டை போடுகிறார்களா? போடாவிட்டால் வெளியே வாங்கியாவது சாப்பிடு, அம்மா. இன்றைக்குச் சாப்பிட்டாயா?

உன் அத்தை,
தனக்கொடி