பாதியில் நின்ற வலி

அனுமந்தன்பட்டி
31.3.2003

அன்பு மகன் எட்வினுக்கு,

ஆண்டவர் ஆசியோடு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடது கன்னத்தைத் தவிர. அசாம் முகாமில் நீ எப்படி இருக்கிறாய், லீவுக்கு எழுதிக் கொடுத்தாயே, உன் ஆபீசர் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. பந்தலில் திராட்சை நிறம் கட்டிவிட்டது, அப்பா விடிந்தால் தோட்டம், பொழுதடைந்தால் வீடு என்று இருக்கிறார். போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே நிற்பதால் சொல்ல முடியாத ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்காதே.

விபூதிப் புதனுக்கு மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. எல்லாரும் தவக்காலத்துக்குக் கறியை விடுகிறார்கள், மீனை விடுகிறார்கள். நான் இந்த வலியை அப்படியே ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன். நாற்பது நாளும் மாத்திரை போட மாட்டேன், கிராம்பு கூட வைக்க மாட்டேன், மூன்று வருஷமாக வராத என் பிள்ளைக்கு ஈஸ்டருக்கு லீவு கொடும் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்து, அந்த ஒரு வேளைச் சோற்றையும் வலிக்கிற பக்கமாகவே மென்று சாப்பிட்டேன். கன்னம் வீங்கியதை முந்தானையால் மறைத்தேன். அப்பா சந்தேகப்பட்டு, "ஏத்தா, வாய்க்குள்ள கொய்யாக்காயா வச்சிருக்க" என்று கேட்டதற்கும் சிரித்துச் சமாளித்தேன். பதினேழாம் நாள் சிலுவைப்பாதையில் ஏழாம் ஸ்தலத்தில் முழங்கால் போட்டவள் எழுந்திருக்கவில்லை, காய்ச்சலில் விழுந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா வண்டியில் உட்கார வைத்து உத்தமபாளையம் கொண்டுபோனார். வேல்விழி என்று ஒரு சின்ன வயசு டாக்டர். படம் எடுத்துப் பார்த்து, பல்லுக்குள் சீழ் பிடித்திருக்கிறது, பிடுங்க வேண்டாம், உள்ளே வேரைச் சுத்தம் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றது. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் துளைத்து, சீழை வெளியே விட்டு, நரம்பை மெல்லிய ஊசியால் எடுத்து, மருந்து வைத்து அடைத்தது. அப்பாவுக்குப் புரியவே இல்லை. "உள்ள உசுரு போனா கொடி நிக்காதே டாக்டரம்மா, பல்லு மட்டும் எப்படி நிக்கும்" என்று கேட்டார். "நிக்கும்யா, இன்னும் ரெண்டு தடவ வந்து முழுசா அடைச்சு மேல உறை மாதிரி கேப் போட்டுட்டா பல வருஷம் நிக்கும். பாதியில விட்டா திரும்பச் சீழ் பிடிச்சுரும், தாடைக்கும் இறங்கும்" என்றது அந்தப் பிள்ளை. வீடு வந்து சேருவதற்குள் வலி போய்விட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், எட்வின். அரை நாள் கழித்துத்தான் ஒப்புக்கொடுத்தது நினைவு வந்தது.

இப்போது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பதினேழு நாளோடு நின்ற வலி ஆண்டவர் கணக்கில் சேருமா சேராதா? அதற்குப் பதிலாகக் காப்பியை நிறுத்திப் பார்த்தேன், காப்பிக்கெல்லாம் லீவு கிடைக்குமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டு மலையம்மாள், "நேந்ததப் பாதியில விட்டா எங்க சாமி சும்மா விடாதுத்தா, ஒங்க சாமியாரு என்ன சொன்னாக?" என்று கேட்டாள். பங்குச் சாமியாரிடம் போனேன். "அது நேர்த்திக்கடன் இல்லம்மா, நோய். உங்க வலியைக் கடவுள் கேக்கல, போய் வைத்தியத்த முடிங்க" என்றார். நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பட்டாளத்தில் மகன் இல்லையே. சனிக்கிழமை டாக்டரிடம் போயிருக்க வேண்டும். டாக்டர் ஊரில் இல்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன். தவக்காலத்தில் பொய் வேறு. போகாவிட்டால் வலி திரும்ப வரும், வந்தால் மீதி நாளையும் ஒப்புக்கொடுக்கலாம் என்று ஒரு மனசு. பயமாக இருக்கிறது என்று ஒரு மனசு.

நீ ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் போடு. லீவு கிடைக்காமல் போனால் அது என் பல்லால் இல்லை என்று உன் வாயால் ஒரு தடவை சொல். நீ சொன்னால் மறுநாளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே, என்னால் அப்படி இருக்க முடியாது. காலில் ஈரச் சாக்ஸோடு தூங்காதே. அப்பா கேட்டால் அம்மா தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று சொல். மாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா இன்னாசியம்மாள்

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகும்போது அந்தப் பல் லேசாகத் தெறிக்கிறது. முதலில் சந்தோஷம்தான் வந்தது அய்யா, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சீக்கிரம் போன் போடு.