காட்டுக்குள் ஒரு புரட்டாசிச் சனி

15 செப்டம்பர் 2025, திங்கள். டூங்கபி

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மகள் கமலினி வந்து, சூட்கேசுக்குள் நல்லெண்ணெய் வைத்தாயிற்றா என்று கேட்டாள். எள்ளும் வைத்துவிட்டேன். இந்த முறை புரட்டாசிச் சனி நான் கனடாவில் நிற்கையில் வருகிறது. காகத்துக்குச் சோறு வைக்காமல் நான் வாயில் ஒன்றும் படவிடுவதில்லை. என் மனுசன் போன நாளிலிருந்து ஒரு சனி தவறவில்லை. காகம் இல்லாத தேசமும் உண்டோ?

தங்கச்சி மகன் சுபாங்கன் அங்கே வடக்கில், அரசாங்கம் காவல் போட்டு வைத்திருக்கிற பெரிய காட்டில் மான் எண்ணுகிற வேலை. "கண் வடிவாத் தெரியேக்கை ஒருக்கா வந்து பாருங்கோ பெரியம்மா" என்று கேட்டபடி இருந்தான். அவனுக்காகப் போகிறேன். அவன் தாய் யோகாவின் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். 2011இல் என் மனுசன் செத்தபோது கூடப்பிறந்தவள் வரவில்லை. கடைக்குச் சொல்லி ஒரு பூவளையம் அனுப்பினாள். மஞ்சள் பூ, ஒரு பக்கம் வாடியிருந்தது. நான் மறப்பேனோ.

24 செப்டம்பர்

சுபாங்கன் ஏமாத்திப்போட்டான்!

காரில் ஓடி ஓடி ரோட்டு முடிகிற இடத்துக்கு வந்தோம். அங்கிருந்து தண்ணீரில் ஏறி இறங்குகிற சின்ன விமானத்தில்தான் காட்டுக்குள் போகவேண்டும். அந்தத் துறையில் யோகா நிற்கிறாள், தொப்பியும் ஜக்கெற்றுமாக. நான் எங்கே திரும்பிப் போறது?

அவளோடு கதைக்கவில்லை. "தம்பி, உன்ர அம்மாட்டைச் சொல்லு, அந்தப் பெட்டிக்குள்ள ஊறுகாய்ப் போத்தல் கிடக்கு, அதிலை ஏறி இருக்கவேண்டாம் எண்டு."

"அம்மாக்குக் காது கேக்குதெண்டு பெரியம்மாட்டைச் சொல்லு" என்றாள் அவள்.

விமானத்தில் அவள் முழங்கால் என்னோடு முட்டிக்கொண்டே வந்தது. கீழே பார்த்த பிறகு அதுவும் மறந்துபோனது. காடு, ஏரி, காடு, ஏரி. ஒரு கூரை இல்லை, ஒரு புகை இல்லை. இவ்வளவையும் மனிதர் தொடாமல் விட்டிருக்கிறார்களே என்று வாயைத் திறந்தபடி இருந்தேன்.

25 செப்டம்பர்

மரங்களின் பெயரைச் சுபாங்கன் சொன்னான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் நாக்கில் அவை ஏறவில்லை. மெலிந்து உயர்ந்து, நெருக்கி நெருக்கி நிற்கின்றன. இலை முழுக்க ஊசி. கீழே பாசி, கால் வைத்தால் மெத்தை போலப் புதைந்து மெல்ல எழும்புகிறது. ஏரித் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். கையில் அள்ளினால் கண்ணாடி.

ஊசியிலை மரங்களில் ஒரு சாதி மட்டும் குளிருக்குப் பயந்து இலையைக் கொட்டுமாம். கொட்டுமுன் மஞ்சளாகும். ஏரிக்கரை முழுக்க இப்போது அந்த மஞ்சள்தான், வெயில் படும்போது பொன் காய்ச்சி ஊற்றியதுபோல. மஞ்சளைக் கண்டால் எனக்கு அந்தப் பூவளையம்தான் நினைவில் வரும். இங்கே வரவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொண்டுவந்த எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோகவேண்டுமாம், ஒரு தோடம்பழத் தோல்கூட விடக்கூடாதாம். நல்ல சட்டம். இப்படி எல்லா இடமும் இருந்தால்—

26 செப்டம்பர்

அந்தச் சட்டம் காகத்துக்கும் உண்டாம். பறவை, மிருகம் எதற்கும் ஒரு பருக்கை கொடுக்கக்கூடாது. கொடுத்தால் தன் வேலை போகும் என்கிறான் பிள்ளை. நாளைக்குச் சனி.

27 செப்டம்பர், சனி

விடிய முழுகி, கல்லின் மேல் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினேன். சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். அவனுக்கும் தாய்க்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, என் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த மரக்குடிலின் வெளிப்படியில் இருந்தேன். பிள்ளையின் வேலையில் மண் போடமாட்டேன். ஆனால் காகம் எடுக்காத சோற்றைத் தின்னவும் மாட்டேன். அவர் பசியோடு நிற்க நான் எப்படித் தின்னுறது?

மத்தியானம் திரும்பியது. பார்த்தால் படியின் மற்றக் கரையில் யோகா, கோப்பையில் கை வைக்காமல் இருக்கிறாள். சனியும் மீன் தின்கிறவள். சாப்பிடச் சொல்லு என்று அவள் மகனிடம் சொன்னேன். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அப்ப எனக்கு இஞ்ச இருக்கப் பேப்பர் கிடைக்கேல்லை அக்கா. வெளிக்கிட்டால் திரும்ப உள்ள விடாங்கள். கிடைச்சுட்டுதெண்டு உங்களுக்கெல்லாம் பொய் சொல்லி வைச்சிருந்தனான். அத்தானைக் கடைசியாப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை."

இவ்வளவு வருசமா ஒரு பொய்க்காக...

அப்போதுதான் அது வந்தது. சாம்பல் நிறம், உருண்டை உடம்பு, சத்தமே இல்லாத பறப்பு. என் கோப்பையைத் தாண்டிப் போய் அவள் கோப்பையின் விளிம்பில் இருந்தது. மனிதரைக் கண்ட பயம் கொஞ்சமும் இல்லை. பருப்பு விட்ட இடத்தில் வாய் நிறைய அள்ளிக்கொண்டு போனது.

"நாங்கள் குடுக்கேல்லை, அது களவெடுத்தது" என்றான் சுபாங்கன். "காகத்தின்ர இனம்தான் பெரியம்மா. சொந்தக்காரர்."

அது சோற்றைத் தின்னவில்லை. ஒரு மரப்பட்டையின் இடுக்கில் ஒளித்து வைத்தது. மாரிக்குச் சேர்க்கிறதாம். ஒளித்த இடம் ஒன்றையும் மறக்காதாம். அப்படியான பறவைதான் எனக்குச் சரி.

ஆனால் என்னட்டை வரேல்லையே, அவளின்ர கோப்பைக்கல்லோ போனது. அவருக்கு எப்பவும் யோகாவில் ஒரு தனிப் பாசம், ஒரு வாரப்பாடு.

"எடுத்துட்டுது, சாப்பிடு" என்றேன் அவளிடம். நேரே அவளிடம்.

28 செப்டம்பர்

ஊறுகாய்ப் போத்தலை யோகா முடித்துவிட்டாள்.

11 அக்டோபர், சனி. டூங்கபி

கடைசிச் சனி. வேலியில் வைத்த சோற்றைக் காகம் வந்த வேகத்தில் எடுத்துவிட்டது. நன்றி கெட்டது, திரும்பியும் பார்க்கவில்லை. யோகா போன் எடுத்தாள், அவளுக்கு இன்னும் வெள்ளி. விடிந்தால் தானும் விரதமாம். காகம் வராவிட்டால் என்ன செய்கிறது என்று கேட்டாள். இருக்கவேண்டியதுதான் என்றேன்.

6 டிசம்பர்

இங்கே டிசம்பர்தான் கோடை, வெயில் சுடுகிறது. யோகா போனில், "அக்கா, அங்க காடு முழுக்கப் பனி மூடிட்டுதாம். இனி அது ஒளிச்சதை எடுத்துத் தின்னும்" என்றாள்.

அந்தப் பொய்யை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பட்டை இடுக்கில் கிடக்கிறது அவள் கோப்பைச் சோறு. இன்றைக்கு அவர் பசியாறியிருப்பார்.