பஃப் கை ரவிக்கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம், எரிச்சல் மட்டும் தீரவில்லை. பள்ளியில் 'அந்தக் கால உடை' தினத்துக்கு நீ கல்லூரியில் போட்ட பஃப் கை ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன். விடுதிக் காப்பாளர் முதல் கணக்கு டீச்சர் வரை ஆளாளுக்கு ரவிக்கையின் கையை இழுத்துப் பார்த்தார்கள்.

"நாங்கல்லாம் இந்தக் கைக்குள்ள பேப்பர் சுருட்டி வச்சு நிமித்துவோம்டி!" என்று காப்பாளர் உருகினார்.

"மூச்சு முட்டுது மேடம்" என்றேன்.

"அழகுன்னா அப்படித்தான்!"

நான் விடுதியில் சேர்ந்தபோது எனக்குத் தொளதொளவென்று இருக்கிறதென்று நீ மூன்று தையல் பிடித்து அனுப்பினாயே, அதில் இரண்டைப் பிரித்த பிறகுதான் மூச்சே வந்தது. பிரித்த ஓரத்தைத் தைக்க ரவிக்கை நிறத்திலேயே மெரூன் நூல்கண்டு ஒன்று அனுப்பு. படிப்பு மணி அடித்துவிட்டது.

இன்னும் ஒரு தையல்தான் பாக்கி, அம்மா. அதையும் பிரிப்பதற்குள் ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ.

உன் மகள்