எழும்பாத புள்ளி

ஜனவரி 18, சனி

முற்றத்துக் கைப்பிடிக் கம்பியில் பனி உறைந்திருந்தது. கையுறையை மறந்துவிட்டேன். வீட்டிலிருந்து நூலகம் போவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. மரத்த விரல்களோடு அந்தச் செய்தியைக் கேட்டது ஒரு வகையில் நல்லதுதான்.

வேலை என் சிறுவயதுத் தோழி ஸுல்ஹுமாருக்கு.

எங்கள் பார்வையற்றோர் சங்கத்து அச்சுக்கூடத்தில் பிரெயில் தாள்களை விரலால் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. பார்வையற்றவர்களுக்கு மட்டுமே உரியது, மார்கிலான் ஊரிலேயே ஒரே ஓர் இடம். எந்தப் புத்தகமும் வேறு யார் கைக்கும் போகுமுன் அந்த விரலடியில்தான் வரும். பத்து வயதிலிருந்து எனக்கு அந்த நாற்காலி மேல்தான் ஆசை. தேர்வுத் தாளில் பதினான்கு பிழைகள் வைத்திருந்தார்கள். நான் பதினான்கையும் பிடித்தேன். அவள் பதின்மூன்று.

தலைவர் ஹோஷிம் அண்ணன் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். "நீ கெட்டிக்காரிதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா அச்சுக்கூடத்து ஆளுங்க நீ வந்தாலே பேச்சை நிறுத்திடுறாங்க. அவ வந்தா சிரிக்கிறாங்க. பாவம், கண் ஆபரேஷனும் நவம்பர்ல பலிக்காமப் போச்சு. அதையும் யோசிச்சோம்."

சிரிப்புக்கும் கண்ணீருக்கும் மதிப்பெண் உண்டு என்று தேர்வுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஸுல்ஹுமார் அச்சுக்கூடத்தில் படித்த புது நாவலின் முதல் அத்தியாயத்தை எனக்குக் கதையாகச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இதை எழுதிவிட்டு எங்கே ஒளிப்பது? வெளி உலகில் யாருக்கும் இந்தத் தாள் வெறும் மேடு பள்ளம். சங்கத்து வீடுகள் சூழ்ந்த இந்த முற்றத்தில் மட்டும் எழுபது பேர் விரல் வைத்தால் படித்துவிடுவார்கள். பிரெயில் சமையல் புத்தகத்தின் நடுவில் செருகிவைக்கிறேன். அதை யாரும் இரவல் கேட்பதில்லை.

இன்று அவள் அறைக்குத் தேநீருக்குப் போனேன். எங்களில் யாரும் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் வைக்கமாட்டோம். மேசையில் ஒரு தட்டுத் தட்டி வைப்போம், எதிரில் இருப்பவருக்கு இடம் தெரியட்டும் என்று. குழந்தையிலேயே பழகியது. மூச்சு மாதிரி. இன்று அவள் என் கிண்ணத்தை வைத்தபோது சத்தமே வரவில்லை. நான் கை நீட்டியபோது ஜாடி மேசையில் உரசி நகர்ந்தது. என் சட்டைக் கை அதில் படப்போவதை, படுவதற்கு முன்பே அவள் அறிந்திருந்தாள்.

எப்படி?

தேநீரைக் குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது.

ஆபரேஷன் பலித்திருக்கிறது. அவளுக்குத் தெரிகிறது!

பதினோரு வயது வரை பார்த்தவள் அவள். சின்ன வயதில் விளையாடும்போது, "உனக்குச் சிவப்புன்னா என்னன்னே தெரியாதுல்ல" என்பாள். பிறவியிலிருந்தே இப்படி இருக்கிற எனக்கு, தெரியாது என்பதுகூட அவள் சொல்லித்தான் தெரியும். அவளிடம் நிறங்கள் இருந்தன. பிறகு வேலை. இப்போது கண்ணுமா? ஒருத்திக்கே எத்தனை? பார்வை வந்தால் இந்த வேலை போகும், முற்றத்து அறையும் போகும். அதனால்தான் மறைக்கிறாள். என் நாற்காலியில் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஹோஷிம் அண்ணனிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சொல்கிறவள் யார் ஆவாள்? காட்டிக்கொடுத்தவள். வேண்டாம். தானாக வெளிப்படட்டும்.

பிப்ரவரி 22, சனி

ரமலான் அட்டவணை வந்தது. ஒவ்வொரு வருடமும் சங்கம் எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற ஒற்றை அட்டை: முப்பது வரி, வரிக்கு இரண்டு நேரம், சஹர் என்னும் வைகறை உணவின் முடிவும் மாலையில் நோன்பு திறப்பும். மசூதி தூரம், பாங்கு எங்கள் முற்றம் வரை எட்டாது. இந்த அட்டைதான் எங்களுக்குப் பாங்கு.

நான் எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கிறவள். படித்தேன். இருபதாம் நோன்பு 6.27. இருபத்திரண்டாம் நோன்பு 6.29. நடுவில் இருபத்தொன்று 6.22.

மறுபடியும் தடவினேன். எட்டுக்கு மூன்று புள்ளி. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. வலப்பக்கப் புள்ளி எழும்பவில்லை. அச்சுத் தகட்டிலேயே சப்பையாகியிருக்கவேண்டும். நகத்தால் தேடினால் லேசான தழும்பு தட்டுகிறது, விரலுக்கு அங்கே ஒன்றுமில்லை. மிஞ்சுவது இரண்டு புள்ளி. எங்கள் எழுத்தில் அது இரண்டு.

ஆறு நிமிடம் முன்னதாக நோன்பைத் திறக்கச் சொல்கிறது அட்டை. அதுவும் மார்ச் 21, நவ்ரூஸ் புத்தாண்டு அன்று. முற்றம் முழுக்க மண்டபத்தில் ஒன்றாக உட்காரும் நாள்.

விரல் இதைத் தவறவிடாது. கண் தவறவிடும். அட்டையைப் பிழை பார்த்த ஸுல்ஹுமார் கண்ணால் படித்திருக்கிறாள்.

சந்தோஷமாக இருந்தது. அதை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன். ஒரு நல்ல வாக்கியத்தைப் படித்த மாதிரி.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம். இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 1, சனி

முதல் நோன்பு. பிரஷ் செய்யும் பட்டறையிலிருந்து சலோமத் அக்கா வந்தார். "என்னடி புத்தகப்புழு, மூஞ்சி தொங்குதாமே, குரல்லயே தெரியுது. பசியா, காதலா?" நான் "பசி" என்றேன். "அப்ப சரி, அது சாயங்காலம் தீர்ந்துடும்" என்று போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ஹோஷிம் அண்ணனின் கதவு வரை போனேன். உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "புதுப் பொண்ணு தங்கம். அட்டவணையை ரெண்டே நாள்ல முடிச்சுட்டா." தட்டுவதற்கு மடக்கிய விரலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ரெண்டே நாளாம். தங்கமாம்.

மார்ச் 20, வியாழன்

முற்றத்தில் நவ்ரூஸ் கஞ்சியான சுமலக்குக்குக் கொப்பரை ஏறிவிட்டது. முளைகட்டிய கோதுமைச் சாறும் மாவும் கொதிக்கின்றன. பிற்பகல் முறை எனக்கும் ஸுல்ஹுமாருக்கும். அடிபிடிக்காமலிருக்கக் கூழாங்கற்களைப் போடுவோம். துடுப்பால் துழாவும்போது கற்கள் கொப்பரையின் அடியில் உருளும். அந்தச் சத்தம் மங்கினால் அடிபிடிக்கிறது என்று பொருள். எல்லோருக்கும் நோன்பு, யாரும் ருசி பார்க்க முடியாது. ஆகவே காதுதான் சமையற்காரி.

"சத்தம் மங்குது. வேகமாத் துழாவு" என்றேன். அவளுக்கு அது கேட்கவில்லை. முன்பெல்லாம் என்னைவிட முதலில் அவளுக்குத்தான் கேட்கும்.

சற்று நேரம் கழித்து, குரலை இறக்கிக்கொண்டு, "மஸ்தூரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"சொல்லாதே. கையை நிறுத்தாதே, பிடிச்சுக்கும்" என்றேன்.

ஏன் தடுத்தேன்? அவள் ரகசியத்தை என் கையில் கொடுத்தால், பதிலுக்கு நானும் ஒன்றைக் கொடுக்கவேண்டியிருக்கும். அவள் துழாவினாள். கற்கள் உருண்டன.

நாளைக்கு இருபத்தொன்று.

மார்ச் 21, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல். கண் தெரிந்த சமையல்காரர்கள் வெளியே கொப்பரையடியில் இருந்தார்கள். ஓதும்போது பேசும் கடிகாரமும் போனும் கத்தக்கூடாது என்று ஹோஷிம் அண்ணன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டார். எங்கள் ஓதுநரான காரி அப்துகயூம் ஓதினார். குர்ஆன் முழுவதும் அவர் நெஞ்சில்; இந்த முற்றத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. எனக்கு இடப்பக்கம் மேற்கு ஜன்னல், வலப்பக்கம் ஸுல்ஹுமார்.

ஓதி முடித்து அட்டவணையைத் தடவினார். "இன்னிக்கு ஆறு இருபத்திரண்டு." தடவிப் பார்க்கும் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறக்கும் சத்தம். "வந்தாச்சு. கையேந்துங்க."

என் இடக் கன்னத்தில் வெயில் இருந்தது. மெலிந்த வெயில், ஆனால் இருந்தது. பேரீச்சம்பழம் விரல்களுக்கு நடுவில் பிசுபிசுத்தது. இப்ப சொல்லுடி. வாயைத் திற. ரெண்டே வார்த்தை. "அட்டையில பிழை." சொன்னா, எப்பத் தெரியும்னு கேப்பாங்களே — ஒரு மாசமாத் தெரியும்னு எப்படிச் சொல்றது? சொல்லலை. நான் சொல்லவே இல்லை.

பக்கத்தில் அவள் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் கை என் முழங்காலைப் பிடித்தது, நகம் பதியுமளவு. அவள் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அவளாலும் பேச முடியாது. பேசினால் எல்லாம் போய்விடும். அறுபது பேர் நடுவில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கையேந்திய துஆ முடிந்தது. முன்வரிசையில் தண்ணீர்க் கிண்ணங்கள் எழும்பின.

"குடிக்காதீங்க! சூரியன் இன்னும் போகல!"

அவள்தான்.

யாரோ இருமினார்கள். பிறகு சலோமத் அக்காவின் குரல்: "உனக்கு எப்படிடி தெரியும்?"

"தெரியுது அக்கா. கராஜ் கூரை மேல இன்னும் நிக்குது."

"எவ்வளவு நாளா?"

"நவம்பர்லேர்ந்து."

ஹோஷிம் அண்ணன் ஏதோ தொடங்கி நிறுத்தினார். முதலில் பேசியது காரிதான். "முன்வரிசையில நாங்க ஏழு பேர் குடிச்சுட்டோம். ஒரு நோன்பு கடன், அப்புறம் வச்சுக்கலாம். கண்ணு ஒண்ணுக்கு அது ரொம்ப மலிவும்மா. அல்ஹம்துலில்லாஹ்!"

அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்து அவளிடம் வந்தார்கள். அழுதார்கள், திட்டினார்கள், "பொய்க்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள், இமைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். என் தலைக்கு மேலே கைகள் நீண்டன. யாரோ என் காலை மிதித்தார்கள். எல்லாம் போகும் என்று தெரிந்தே பேசியவளைச் சுற்றி ஒரு ஊரே நின்றது. நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பழம் என் கையிலேயே இருந்தது. என் நோன்பு முழுசு. அதுதான் கேவலம்.

மார்ச் 23, ஞாயிறு

ஸுல்ஹுமார் வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கண்ணால படிச்சேன். தப்புதான். இத்தனை வருஷம் தொட்டுக்கிட்டே இருந்ததைப் பார்க்கணும்னு ஆசை. புள்ளிங்க வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி நிழலோட... அந்தப் புள்ளிக்கும் நிழல் இருந்துச்சு மஸ்தூரா. எழுந்துதான் நிக்குதுன்னு நினைச்சேன்."

நிழல் என்றால் வெயில் படாத இடத்தின் குளிர்ச்சி என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு புள்ளிக்கு அது எப்படி இருக்கும்? கேட்கவில்லை.

"அட்டை உன்கிட்ட ஒரு மாசமா இருந்துச்சே" என்றாள்.

"நான் அவ்வளவு தூரம் படிக்கல."

"நீ மாத்திரை டப்பாவைக்கூட ஒரு எழுத்து விடாம தடவுறவ."

அவள் எழுந்துபோகவில்லை. வெந்நீர்க் குழாய் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "சரி" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்தச் "சரி"யை என்ன செய்வது?

மார்ச் 27, வியாழன்

ஹோஷிம் அண்ணன் கூப்பிட்டார். அவள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாளாம். கோடை வரைக்கும் அறையில் இருக்கலாம் என்று சங்கம் சொல்லியிருக்கிறது.

"அந்த இடத்துக்கு யாரைப் போடலாம்னு அவளையே கேட்டேன். உன் பேரைத்தான் சொன்னா. 'அவ விரல் எதையும் விடாது'ன்னா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்ப வரணும்?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நோன்புப் பெருநாள் கழிந்தது. தண்ணீர் குடித்த ஏழு பேரும் இன்று கடன் நோன்பு வைத்தார்கள். நானும் வைத்தேன்.

மாலையில் காரி வீட்டில் எட்டாவது ஆளாக உட்கார்ந்தேன். சலோமத் அக்கா விடவில்லை. "நீ அன்னிக்குக் குடிக்கலயேடி? பேரீச்சம்பழத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிலை மாதிரி இருந்தியாமே. உனக்கு எதுக்குக் கடன்?"

"எனக்கும் இருக்கு அக்கா."

காரி என் பக்கம் திரும்பியது குரலில் தெரிந்தது. "அவளுக்கும் ஒரு கிண்ணம் வைங்க" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அட்டவணை ரமலானோடு முடிந்துவிட்டது. இன்று அட்டை கிடையாது. ஸுல்ஹுமார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நோன்பில்லை, எங்களுக்காக வந்தவள்.

"சூரியன் இன்னும் இருக்கு" என்றாள். "பாதி போயிடுச்சு." எட்டுப் பேரும் அவள் வாயைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அந்த நாற்காலி என்னுடையது. இருந்தும், அந்த ஜன்னலோரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இது தீருமா என்று தெரியவில்லை.

"ஒரு நூல் அளவு... இரு... இப்போ."

எழுந்து ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

டக்.

நன்றாகக் கேட்கும்படி வைத்தாள். இடம் தெரிந்தது. கை நீட்டி எடுத்துக் குடித்தேன்.