துக்கம் வேற, இது வேற

அக்கா,

நேற்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மாங்காய்ப் பத்தை வாங்கினேன். விற்ற அம்மா, "உப்பு தூக்கலா போடட்டுமா?" என்று கேட்டார். தூக்கலாகவே போடச் சொன்னேன். விழுப்புரம் வந்து சேரும்வரை உன் நினைவாகவே இருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

மாமா இறந்த பிறகு பெருமுக்கல் வீட்டில் நீ தனியாக இருந்தாய். கழனியில் அடுத்த மல்லாட்டைச் செடி பிடுங்குவதற்குள் பாதி ஆளாகிவிட்டாய். யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் சாப்பிடமாட்டாள், படுத்தே கிடப்பாள், அழுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த உன் மகன் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனான். மனச்சோர்வு என்றார். நீ ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாய். ஆனாலும் தேறவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், இன்னும் சோர்ந்தாய்.

பிறகு ஒரு நாள் உன் மகன் எனக்கு போன் செய்தான். "சித்தி, அம்மா கல்லுப்ப அள்ளி அள்ளித் தின்னுக்கினு இருக்குது. எனக்கு பயமா இருக்குது." மனநோய் முற்றிவிட்டது என்றே அவன் நினைத்தான். நான் உன்னை விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்கு, கூட்டி வந்தேன்.

சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "துக்கம் எனக்கு இருக்குதுடி. அவர நெனச்சா அழுவறேன். அது வேற. எழுந்து நின்னா கண்ணு இருட்டுது, கரண்டியத் தூக்கினா கை தொவளுது. இது வேற. யார்கிட்ட சொன்னாலும் அவரு போன ஏக்கம்னுட்றாங்க."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். ரேகைகளெல்லாம் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. வெயிலாக இருக்கும் என்றேன். "நாலு மாசமா நான் கழனிக்கே போவலியே" என்றாய்.

மறுநாள் பொது மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் பழைய மருந்துச் சீட்டைத்தான் முதலில் படித்தார். "மனசு சம்பந்தப்பட்டதும்மா. இதே மாத்திரைய விடாம சாப்பிடுங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நீ நாற்காலியிலிருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"டாக்டர், அந்த சீட்ட கொஞ்சம் கவுத்து வைங்க. இன்னிக்குத்தான் மொதல் தபா வந்திருக்கேன்னு நெனச்சிக்கினு என்ன ஒரு தபா பாருங்க."

அவர் கையை நீட்டினார். பிறகு சீட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். உள்ளங்கையை, ஈறுகளைப் பார்த்தார். "உப்பு மேல ஆசை இருக்கா?" என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டாய். மாமா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

ரத்தப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்த பிறகு விஷயம் தெரிந்தது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி வேலை செய்யவில்லை; உப்பு ஆசை, கறுத்த கை, சோர்வு எல்லாம் அதனால்தான். ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மல்லாட்டைக்கு நீயே கழனியில் நின்றாய்.

அதற்கு முன்பே, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த மனநல மருத்துவரிடம் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். சண்டைக்குத்தான் போகிறாய் என்று நினைத்தேன். "என்ன மாதிரி இன்னொருத்தி வந்தா அவ கையப் பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாய். அவர் முழுவதும் படித்துவிட்டு நன்றி சொன்னார். "உங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசணும்னா எப்ப வேணா வாங்கம்மா" என்றார். நீ போனாய், பேசினாய், அழுதாய். ஊரில் அதை மறைக்கவும் இல்லை. "மனசுக்கு வைத்தியம் பாத்ததுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஒடம்பப் பாக்காம வுட்டாங்களே, அதான் பேஜாரு" என்பாய். அப்படியே பல வருடம் நன்றாக இருந்தாய், மாரடைப்பு வந்த அந்தக் காலை வரைக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், பிரசவமாகி வந்தவள், ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. "அப்ப நான் சும்மா நடிக்கிறேன்னு சொல்லுவாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இல்லம்மா, இதுவும் நோவுதான்" என்று சொல்லி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அங்கே அவள் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பெண் திக்கித் திக்கி, தானே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் அம்மாவின் கையை நான் விடவில்லை, அக்கா.