இரண்டு கையும் ஒரே நாளில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று முகம் சுளிக்காதே. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய், அத்தான் பக்கத்திலிருந்து கருத்துச் சொல்வார். இது அத்தான் கருத்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதிக்க ஒரு பெண் வந்து ஒரு வருடம் ஆகிறதல்லவா? எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன உள்ளங்கையால்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வியர்க்கும் என்று உனக்குத் தெரியும். அவள் எதை நீட்டினாலும், "அங்க வெச்சிடுங்க" என்று மேசையைக் காட்டிவிடுவேன். பேனா, சாவி, டீ எல்லாமே மேசை வழியாகத்தான். நேற்று முதலாளியிடம், "அவருக்கு என் கையால வாங்கினா கௌரவம் கொறஞ்சிடும்போல" என்றாளாம். நானா கௌரவம் பார்ப்பவன்?

முதலாளி திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கேயே இருக்க ஒரு காரணமும் இல்லை என்கிறாளாம். ஏதாவது வழி சொல்.

உன் தம்பி

ஜனவரி 15

என் அசட்டுத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் பாதி எழுத்து கரைந்துபோய் வந்தது. மீதியை வைத்து ஒப்பேற்றிக்கொண்டேன்.

நான் வரவேற்பில் உட்காரும் தோல் மருத்துவமனையில் இதற்கு ஊசி போடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களே, அதே மருந்துதான். வியர்வை சுரக்கச் சொல்லி நரம்பு கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடுமாம். ஆறு மாதம்போலத் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். எங்கள் டாக்டரம்மாவின் தோழி உன் ஊரிலேயே இருக்கிறார், சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கைக்குப் போட்டு, அது சரியான பிறகு அடுத்த கைக்குப் போட்டுக்கொள். உள்ளங்கையில் போட்டால் விரல் பிடி சில வாரம் தளரலாம். நீ அவசரக்குடுக்கை என்பதால் இதை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அத்தானிடம் மூச்சுவிடவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உள்ளங்கையில் அயோடின் தடவி மேலே மாவைத் தூவினார்கள். வியர்க்கிற இடம் மட்டும் கறுக்குமாம். எனக்குக் கறுக்காத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. பிறகு கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு குத்து. மரத்துப்போக மருந்து போட்டும் உயிர் போய் வந்தது. இந்த வேதனைக்கு இன்னொரு நாள் யார் வருவது என்று இரண்டு கையையும் ஒரே நாளில் நீட்டிவிட்டேன். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கெஞ்சினேன். திட்டாதே.

ஒரு வாரத்தில் கை காய்ந்த துணிபோல் ஆகிவிட்டது. நாலு நாள் முன்பு அவள் நீட்டிய கண்ணாடியை நேராகக் கையில் வாங்கினேன். வாங்கினேன், பிடிக்க முடியவில்லை. கீழே போட்டுவிட்டேன். கண்ணாடிக் காம்பின் குட்டித் திருகாணியைக்கூட என்னால் திருக முடிவதில்லை. அவள் பார்த்துவிட்டு, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு எனக்காகத் திருகித் தருகிறாள். தினமும்!

கைக்கு என்ன என்று கேட்டாள். கைப்பந்து ஆடியபோது சுளுக்கு என்று வாயில் வந்துவிட்டது. அவள் அண்ணன் அணியில் ஓர் ஆள் குறைகிறதாம், சரியானதும் வரச் சொல்கிறாள்.

உன் தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

நீ கைப்பந்து ஆடியதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குப் புரையேறி, தலையைத் தட்ட வேண்டியதாயிற்று.

சிரித்தது போதும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழையபடி வியர்க்கும். அப்போது அவளிடம் என்ன சொல்வாய்? பந்து மழையில் நனைந்தது என்பாயா? சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பாய். எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. உள்ளதைச் சொல். போகிறவள் உண்மை தெரிந்து போகட்டும்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். பரிசோதனை அறையில், கண்ணுக்கு எழுத்து காட்டும் பலகையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "மருந்து தீந்ததும் திரும்ப வேர்க்கும். அப்பவும் நான் இதே ஆளுதான்" என்றேன்.

அவளுக்குக் கோபம். "ஒரு வருஷமா உங்கள திமிரு புடிச்சவர்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். கைப்பந்தை அவள் முதல் நாளே நம்பவில்லையாம். புதுக் கிளைக்குப் போகவில்லை என்று அன்று காலையிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டு, நான் எப்போது வாய் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

பிறகு கையை நீட்டினாள். பிடித்தேன். அக்கா, அவள் கை தொப்பலாக நனைந்திருந்தது.

"பயமா?" என்று கேட்டேன்.

"பின்ன?" என்றாள்.

எனக்குப் பிடி இன்னும் தேறவில்லை, அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வாடிக்கையாளர் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் முதலாளியே எழுந்து போய் அவருக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

உன் தம்பி