மேம்பாலத்து மேட்டில்

அம்மணி,

உன் தங்கை வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். நம் சாப்பாட்டு மேசைமேல் இப்போது கார்பரேட்டர் இல்லை. ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது.

"காரா நானான்னு முடிவு பண்ணிப்போட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அன்னூருக்குப் போனாய். நியாயம்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் புறப்பட்ட உன்னைப் பட்டுப் புடவையோடு போத்தனூர் மேம்பாலத்தில் இறக்கி, அந்தப் பழைய காரைத் தள்ள வைத்தவன் நான்.

அதன்பின் கிளட்சை மூன்று முறை கழற்றி மாட்டினேன். எனக்கு என்மேல்தான் சந்தேகம். "சார், வண்டி சரியாயிருச்சுங்க. நீங்கதான் இன்னும் ஸ்டார்ட் ஆகலீங்க" என்று மெக்கானிக் உவைஸ் சிரித்தார்.

இன்று காலை தனியாக அதே மேம்பாலத்துக்குப் போனேன். நீ தள்ளிய அதே இடத்தில், மேட்டின் நடுவே, வேண்டுமென்றே காரை நிறுத்தினேன். பின்னால் ஒரு பஸ் அலறியது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க பெரியவரே, தள்ளிவுடோணுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க!" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி நீ கேட்டதே இல்லை.

கைப்பிரேக்கை விட்டேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் கார் மேடேறியது. மறுபக்கம் இறங்கியதும், நம்ப முடியாமல், திரும்பிவந்து இன்னொரு முறை ஏறினேன்.

ஞாயிறு காலை அன்னூருக்கு வருகிறேன். அந்தப் பட்டுப் புடவையைத் தேய்த்து எடுத்துவருகிறேன், அதையே கட்டிக்கொள். வழியில் எங்காவது கார் நின்றால், நின்ற இடத்திலேயே அதை விற்றுவிட்டு உன்னோடு பஸ்ஸில் வீடு திரும்புவேன்.

நிற்காது.

உன் டிரைவர்